போக மூன்றரை, வர எட்டரை

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் இவளும் சுகம். உன் உடம்பு எப்படி, மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், பக்கத்து அறையில் படுத்திருக்கும் இவளுக்குக் கேட்டுவிடும். நீயோ போனை எடுத்தால் "எல்லாம் நல்லா இருக்கு, வெச்சிடறேன்" என்பதற்கு மேல் பேசமாட்டாய்.

விஷயம் இதுதான். இவளுக்கு நாலு மாதம். முதல் இரண்டு முறையும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இல்லை என்று சொன்னோமே, அதை மூன்றாம் முறையும் செய்கிற தெம்பு எங்களுக்கு இல்லை. அதனால்தான் உன்னிடம்கூட வாயைத் திறக்கவில்லை. போன வாரம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள். இனிமேல் படுக்கைதான். குளிக்கவும் கழிவறைக்குப் போகவும் மட்டும் எழுந்திருக்கலாம். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்கு லீவு போட்டாயிற்று.

என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பழுது பார்க்கக் கூண்டின் தலைமேல் ஏறி நின்றால் போனில் சிக்னல் வராது. போன தடவை நான் ஒரு கட்டடத்தில் பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தபோது இவள் ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறாள். கீழே வந்து போனைப் பார்க்கும்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

இவள் பக்கத்தில் வருவதற்கு ஆளில்லை. நம் பக்கத்தில் நீ ஒருத்திதான். ஆகஸ்டில் வந்து மூன்று மாதம் எங்களோடு இரு அக்கா. நாள் நெருங்கும்போது இவள் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

மாமாவுக்கு வணக்கம் சொல்.

உன் தம்பி


மே 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் மாமாவின் கடைக்கு வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். ஏப்ரலில் பத்து நாள் லீவில் இருந்தேன், சாதாரணக் காய்ச்சல், இப்போது ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல். நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லாதே, பயந்துவிடுவாள். கேட்டேன் என்று மட்டும் சொல்.

கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் தடவையாக ஒரு வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில் நான் குறிக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து பஸ் வருவதையும் போவதையும் எழுதுகிறேன். என் பேனா அசையாமல் ஒரு வண்டியும் அசையாது என்பதால்தான் டிரைவர்கள் எனக்குப் 'பெரிய முள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று பெரிய முள் நின்றுபோய்விட்டது. நடத்துநர் வந்து ஜன்னலைத் தட்டி, "அம்மா, என்னை இன்னும் அனுப்பலையா?" என்று கேட்ட பிறகுதான் எழுதினேன்.

வருகிறேன். மாமா நாலு நாள் தானே காபி போட்டுக் குடித்தால்தான் என் அருமை தெரியும், மூன்று மாதம் என்றால் கோயிலே கட்டிவிடுவார். ஆனால் ஒரு நிபந்தனை. பயணம் நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஏன் என்று கேட்காதே. ஐம்பத்தாறு வயதில் ஆளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும், எனக்கு இது. நீ போனபோது இரண்டு விமானம் மாறி ஒரு முழு நாள் ஆனது என்றாய். இப்போது நேராகப் போகும் விமானம் வந்துவிட்டதாமே. எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குச் சேரும், வழியில் எங்கே நிற்கும், மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எல்லாம் விவரமாக எழுது. நாலு மணிக்கு மேல் என்றால் என்னை எதிர்பார்க்காதே.

அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் காய்ச்சல் போய்விட்டது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. நீ வருகிறேன் என்று எழுதிய இடத்தை இவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை தானே வாங்கிப் படித்தாள். உனக்குக் கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்கிறாள். படுத்தபடியே பரிசோதித்துவிடுவாளாம்.

தாமதித்தால் இடம் கிடைக்காது என்று டிக்கெட் போட்டுவிட்டேன். போக ஆகஸ்ட் 8, வர நவம்பர் 10. இத்துடன் இரண்டையும் வைத்திருக்கிறேன். நேர் விமானம்தான், வழியில் எங்கும் நிற்காது. நேரமெல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கிறது, பார்த்துக்கொள். விமான நிலைய வாசலில் நான் நிற்பேன்.

நீ எதையும் தூக்க வேண்டாம். துணிமணி மட்டும் போதும்.

உன் தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவுக்கு லேசாக இருமல், ஜெராக்ஸ் மெஷின் தூசிதான் காரணம் என்கிறேன், அவர் அந்த மெஷின்மேல் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். அங்கே உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

டிக்கெட் வந்தது. புறப்பாடு காலை 8.10, சேரும் நேரம் 11.40. மூன்றரை மணி நேரம். என் நிபந்தனைக்கு அரை மணி உள்ளேயே இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன், அவரும் சரி என்றுவிட்டார். உடனே இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பீரோவிலும் ஒன்றைக் கடையிலும் வைத்தார். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர், "நீங்க லீவா, மேடம்? நிலையத்தையே மூடிடலாமா?" என்று கேட்டார்.

கிலோமீட்டர் எத்தனை என்று கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. அடுத்ததில் எழுது.

அவளுக்கு முதுகு வலித்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்கச் சொல்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் பரம சௌக்கியம். மூவர் என்று எழுதிவிட்டேன், பார். குழந்தை உதைக்கிறது. இவள் வயிற்றின்மேல் பத்திரிகையை வைத்துப் படிப்பாள், பத்திரிகை தானே நகரும். உனக்காகப் பின்பக்கத்து அறையைச் சுத்தம் செய்து வெள்ளை அடித்தேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம் தெரியும், இரைச்சல் கொஞ்சம் இருக்கும், உனக்கு அது பழக்கம்தானே. கட்டில் உயரம் சரியாக இருக்கிறதா என்று நானே படுத்துப் பார்த்துத் தூங்கியும் போய்விட்டேன். இவள் போன் போட்டு எழுப்பினாள். வேலையில் புதுக் கட்டடம் ஒன்று வந்திருக்கிறது, முப்பது மாடி, ஆறு லிஃப்ட். மற்றபடி எழுத ஒன்றுமில்லை. நீ சந்தோஷமாகக் கிளம்பி வா.

மாமாவின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

உன் தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

நாங்கள் சுகம். குழந்தை உதைப்பது கேட்டு மனது நிறைந்தது.

வெள்ளை அடித்ததை எழுதினாய், கட்டிலை எழுதினாய், முப்பது மாடியை எழுதினாய். கிலோமீட்டரை மட்டும் இந்தத் தடவையும் எழுதவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஏதாவது இருந்தாலும் எழுது. ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு முன்னால் கடிதம் வந்து போக இன்னும் நாளிருக்கிறது.

அவளை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 7

அன்பு மச்சானுக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தாங்கள் தம்பதி சமேதராக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதப்படுகிறது. படித்ததும் கிழித்துவிடவும். என்னிடம் நகல் இருக்கிறது.

ஏப்ரலில் அவளுக்கு வந்தது காய்ச்சல் இல்லை. இடது காலில், கெண்டைக்காலுக்குள் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. வருஷக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததன் பலன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்கக் கூடாதே என்று.

மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்யக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன், மூன்றாவது வரியைப் பார்க்கவும். "தம்பிக்கு இருக்கற கவலை போதும், இதையும் அவன் தலையில கட்டாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். விமானம் மூன்றரை மணி நேரம்தான் என்று டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் நானும் சம்மதித்தேன். இருந்தாலும் அங்கே அவள் காலைத் தொங்கப்போட்டு அதிக நேரம் உட்காராமல் நீ கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேறு பயம் ஒன்றும் இல்லை.

நான் எழுதியது அவளுக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்பது உனக்கே தெரியும்.

அன்புள்ள மாமா


ஜூலை 17

அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். வேறு எதையும் விசாரிக்க எனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை.

நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பயணம் ஆறு மணி நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் உங்கள் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் எங்கள் ஊர்க் கடிகாரப்படி போட்டிருக்கிறார்கள். எங்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நீ இங்கே இறங்கும்போது எங்களுக்கு 11.40, உங்களுக்கு மத்தியானம் 2.10 ஆகியிருக்கும்.

இது எனக்கு முதல் நாளே தெரியும். நாலு மணி என்று நீ எழுதியதைப் படித்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகு, நேரத்தை நான் எழுதாமல் டிக்கெட்டை மட்டும் அனுப்பினால் என்ன என்று தோன்றியது. பொய் சொன்னதாக ஆகாது அல்லவா. நீ மூன்றரை என்று எழுதினாய். நீ ஏமாந்துவிட்டாய் என்று நம்ப எனக்கு ஆசை, அதனால் நம்பினேன். விமானத்தில் ஏறுவதற்கு உனக்குப் பயம், உட்கார்ந்துவிட்டால் ஆறு மணி நேரமும் ஓடிப்போய்விடும், வந்து இறங்கியதும் காலில் விழுந்தால் காதைத் திருகிவிட்டு விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். கிலோமீட்டரை எழுதினால் நீ வகுத்துப் பார்த்துவிடுவாய். அதனால்தான் வெள்ளை அடித்த கதையை எழுதினேன்.

மாமா கடிதம் போட்டிருக்கிறார். மாமா, என்னை மன்னித்துவிடுங்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் சீட்டையும் பார்த்தேன். மூன்றாவது வரியைப் படித்தேன். உன்னைக் கொன்றிருப்பேனே, அக்கா.

நேற்று உனக்குப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இதைச் சொல்லத்தான் செய்தேன். உன் குரலைக் கேட்டதும், "பெட்டியில பேர் எழுதி ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ வராதே. இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு கோபித்துக்கொண்டாள், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக. "அவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா இந்தக் குழந்தையை நான் எப்படித் தூக்குவேன்?" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்யலாம், நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். செப்டம்பரிலிருந்து சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கிறேன். கொடுப்பார்களா தெரியாது. எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி என்று போட்டுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும்,

உன் தம்பி


ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காலும் நன்றாக இருக்கிறது. மாமா மட்டும் நன்றாக இல்லை, கடிதம் கடைக்கு வந்ததால் அவரே பிரித்துப் படித்துவிட்டார். நீ அவரைக் காட்டிக் கொடுத்த இடத்துக்கு வந்ததும் வேர்த்துவிட்டதாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எனக்கு ஜூன் மாதமே தெரியும்.

எங்கள் நிலையத்துக் கடிகாரமும் அடுத்த ஊர் நிலையத்துக் கடிகாரமும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. இங்கே ஐந்து நிமிஷம் முந்தும், அங்கே பத்து நிமிஷம் பிந்தும். ஏட்டைப் பார்த்தால் போகிற பஸ் ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் போகும், அதே பஸ் திரும்பி வர இரண்டு மணி இருபது நிமிஷம் எடுக்கும். சாலை என்னவோ ஒன்றுதான். அதனால் நாங்கள் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்வோம், நிஜமாக ஓடிய நேரம் கிடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். நீதான் வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே அனுப்பிவிட்டாயே. அங்கே 1 மணிக்குப் புறப்பட்டு இங்கே 9.30க்கு. போக மூன்றரை, வர எட்டரை. கூட்டினால் பன்னிரண்டு, பாதி ஆறு. உறையைப் பிரித்துக் காபி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

மூன்றரை என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். நீயே திருத்துவாய் என்று பார்த்தேன். திருத்தவில்லை. கிலோமீட்டர் கேட்டேன். மழுப்பினாய். இரண்டாம் தடவையும் கேட்டேன். தம்பி, நீ பொய் சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நேரம் எழுதியே தலை நரைத்தவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்று நினைத்தாயே, அதுதான் வலித்தது. அந்த இரண்டாவது கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். வண்டி தாமதமாக வந்த டிரைவர்கள் எல்லோரும் உனக்காகத் திட்டு வாங்கினார்கள்.

நாலாம் நாள் உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒன்பது முறை கூப்பிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நீ மறைத்தது இரண்டரை மணி நேரத்தை. நான் ஒரு காலையே மறைத்தேன். என்ன காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ இந்த வேலை செய்திருக்கமாட்டாய். பாதித் தப்பு என்னுடையது.

மாமாவிடம் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். ஆறு மணி நேரம் என்றேன். திட்டினார், பிறகு காலுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அடைப்பு கரைந்துவிட்டது, தம்பி. திரையில் காட்டினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவர் முகம் புரிந்தது. மாத்திரையைத் தொடர வேண்டும், இறுக்கமான காலுறை போட வேண்டும், ஓர இருக்கையில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அப்படியானால் தாராளமாகப் போகலாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார்.

உன் கடிதம் வந்த பிறகு மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டோமாம், நியாயம்தான். மூன்றாம் நாள் டாக்டர் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். பிறகு வெளியே போய் நாலு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு வந்தார். சீட்டை ஆறு நகல் எடுத்திருக்கிறார்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. நீ எழுதாமலே இருந்திருந்தாலும் நான் வந்திருப்பேன். ஆனால் வந்து இறங்கி உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். இப்போது இருக்காது.

அந்தப் பெண்ணிடம் சொல், எனக்குக் கண்ணாடி மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது.

அக்கா


ஆகஸ்ட் 9

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அக்கா பத்திரமாக வந்து சேர்ந்தாள். நேற்றே போனில் சொன்னோம், ஆனாலும் கையில் காகிதம் இருந்தால்தான் உங்களுக்குத் திருப்தி என்று எனக்குத் தெரியும்.

விமானம் 11.31க்கே இறங்கிவிட்டது. நான் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பது நிமிஷம் ஆகியும் அக்கா வரவில்லை. எனக்கு என்னென்னவோ தோன்றியது. கடைசியில் தள்ளுவண்டியோடு வந்தாள், கூட ஒரு விமானப் பணிப்பெண். ஆறு மணி நேரத்தில் அக்கா பதினோரு தடவை எழுந்து நடந்தாளாம். நாலாவது நடையிலிருந்து அந்தப் பெண்ணும் கூட நடந்து தன் மாமியாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். கதை முடியவில்லை என்று பெட்டி வருமிடத்தில் நின்று மீதியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் உங்கள் மனைவி.

குனிந்து அக்காவின் காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை மாமா. இரண்டும் ஒரே அளவாக இருந்தன. நடுவாசலில் உட்கார்ந்து அளவு பார்த்தேன், ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "எழுந்திருடா, மானம் போகுது" என்றாள் அக்கா. காதைத் திருகவில்லை. தலையில் கைவைத்தாள்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் நான் தூங்கிவிட்டேன். மே மாதத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கியது நேற்றுதான்.

உங்கள் மச்சான்


அக்டோபர் 3

என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம், கால் சௌக்கியம். மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லை மாத்திரைச் சீட்டுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறீர்களா? குழந்தை பிறந்ததைப் போனில் கேட்டுவிட்டீர்கள். பெண், இரண்டு கிலோ அறுநூறு, தாயும் பிள்ளையும் சுகம். போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

நாள் குறித்ததற்குப் பதினாறு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. போன வாரம்தான் தையலைப் பிரித்திருந்தார்கள். முப்பதாம் தேதி காலை பத்து மணி இருக்கும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்று, "அக்கா, தண்ணி போகுது" என்றாள். தம்பிக்குப் போன் செய்தேன். போகவில்லை. அந்த முப்பது மாடிக் கட்டடத்தில் எங்கேயோ கூண்டின் தலைமேல் நின்றிருக்கிறான். மறுபடி செய்தேன். அதற்குமேல் செய்யவில்லை. கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டாக்சி பிடித்துவரச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குச் சாதாரணமாகப் பதினைந்து நிமிஷம். அன்றைக்குச் சாலையில் எங்கேயோ பள்ளம் தோண்டியிருந்தார்கள், வண்டிகள் ஊர்ந்தன. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பாதி வழிகூட வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே, "ரெண்டே நிமிஷம்மா" என்றேன். ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் இரண்டு நிமிஷம்தான் சொன்னேன். முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது.

சர்வீஸில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதாதவள் நான். மேலதிகாரியின் மருமகன் ஓட்டிய பஸ்ஸுக்கே தாமதம் போட்டவள். அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னேன். தம்பிமேல் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம் மிச்சம் இருந்தது, உங்களிடம்கூடச் சொன்னதில்லை. அந்த டாக்சியில் அது போய்விட்டது.

மறுநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், "ரெண்டு நிமிஷம் இல்லேன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொல்லிக்கிட்டே இருந்தது நல்லா இருந்துச்சு."

தம்பி வந்து சேரும்போது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கீழே இறங்கிப் போனைப் பார்த்திருக்கிறான், என் இரண்டு அழைப்பு இருந்திருக்கிறது. நாலு மாடியையும் படியேறியே ஓடிவந்தான். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியவில்லையாம். கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கிரீஸ், நர்ஸ் வாசலிலேயே மறித்துவிட்டாள். நான் வெளியே வந்தேன். மூச்சு வாங்க என்னைப் பார்த்து, "அக்கா, தனியா இருந்தாளா?" என்றான்.

"இல்லடா. நான் கூடவே இருந்தேன்" என்றேன்.

அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். ஆணா பெண்ணா என்று அதற்கப்புறம்தான் கேட்டான்.

உங்கள் மனைவி